சேலத்தில் தினமும் சைக்கிள் ஓட்டி ரசிக்க வழி இருக்கிறதா?

கேள்வி, 6 ஜனவரி 2024

சேலத்துக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ஆனால் இங்கே ரசித்து ஓட்ட இடமே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பைபாஸ், லாரி. அதை விட்டால் ஏற்காட்டு மலை. சமதரையில் தினமும் ஓட்டுவது உடம்புக்கு நல்லது என்பதைத் தவிர அதில் வேறென்ன இருக்கிறது? மலை ஏறுகிறவர்கள்தான் நிஜமான சைக்கிள்காரர்கள் என்று நினைக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்.

7 ஜனவரி, காலை

தவறு என்றுதான் சொல்வேன்.

நான் சூரமங்கலத்தில் இருக்கிறேன். வயது 48. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியைத்தான் ஓட்டுகிறேன். முன்னால் கூடை, பின்னால் கேரியர், கியர் கிடையாது. அவள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அது மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் கட்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை அதைத் துடைத்து, காற்றடித்து, பால் வாங்கப் போனேன். பால் கடையில் நிற்க மனம் வரவில்லை. சிவதாபுரம் தாண்டும் வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் காபிக்குக் காத்திருந்தவர்கள் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் அதே வழிதான். சூரமங்கலம், சிவதாபுரம், அப்புறம் இளம்பிள்ளை ரோட்டில் சித்தர் கோயில் வரை. ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். காலை 5.50க்குக் கிளம்பினால் 8 மணிக்குள் வீடு. மேற்கே போகும்போது சூரியன் முதுகில். வெளிச்சம் முதலில் கஞ்சமலை உச்சியில் விழுந்து மெதுவாகக் கீழே இறங்கிவரும். நான் மிதிக்கிற வேகமும் அது இறங்குகிற வேகமும் ஏறக்குறைய ஒன்று. கோயிலுக்கு நான் போய்ச் சேரும்போது அடிவாரத்துப் பனைமரங்களுக்கும் வெயில் வந்திருக்கும்.

இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். காதை மட்டும் கேட்டுப் பாருங்கள். சிவதாபுரத்தில் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. காலையிலேயே சின்னச் சுத்தியல் சத்தம் தொடங்கிவிடும். அது அடங்கியதும் வயல், மயில் அகவல். இளம்பிள்ளைப் பக்கம் போகப் போகத் தறிச் சத்தம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

7 ஜனவரி, இரவு

ஒருவர் 'பைக்கில் போனால் இதையெல்லாம் இன்னும் வசதியாகப் பார்க்கலாமே' என்று எழுதியிருக்கிறார். பார்க்கலாம். கேட்க முடியாது. மோப்பமும் பிடிக்க முடியாது. மரவள்ளி அரைக்கிற ஜவ்வரிசி ஆலை ஒன்று எங்காவது ஓடினால் அந்தப் புளித்த வாடை அரைக் கிலோமீட்டருக்கு முன்பே சைக்கிளில் வந்து சேரும். எனக்கு அது பிடிக்கும் என்று சொன்னால் சேலத்துக்காரர்களே நம்ப மாட்டார்கள். மழை நின்ற காலத்தில், வெள்ளை வெளேரென்று மாவு காய்கிற களத்தோடு சேர்த்து அந்த வாடை பழகிவிட்டது.

11 ஜனவரி

'ஒரே வழியில் தினமும் போனால் அலுக்காதா?' இதற்கு இரண்டு நாளாக யோசித்தேன்.

முதல் மாதம் அலுத்தது. உண்மை. அப்போது நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். கோயில் எப்போது வரும் என்பது ஒன்றே எண்ணம். இரண்டாவது மாதத்தில் ஒரு கரிச்சான் குருவி. ஒரே மின்கம்பத்தில், ஒரே கம்பியில், தினமும். ஒரு நாள் அது இல்லை. மனசுக்குள் எங்கோ இடறியது. திரும்பி வரும்போது இருந்தது. புதுப் பாதையில் போயிருந்தால் அது இல்லாததே எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது தை பிறக்கப் போகிறது. ரோட்டில் கொள்ளும் ராகியும் பரப்பியிருப்பார்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறிக் கதிர் அடிபட வேண்டும் என்று தார் ரோட்டையே களமாக்குவது இங்கே வழக்கம். கார்க்காரர்கள் முனகுவார்கள். சைக்கிளுக்கு அதில் இரண்டு ஆபத்து. கொள்ளுச் செடியின் தாள் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலில் சுற்றிக்கொள்ளும். உதிர்ந்த கொள்ளு கோலிக்குண்டு மாதிரி. பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். அப்படித் தள்ளிக்கொண்டு போனதில்தான் களத்து ஆயா பழக்கமானார்கள். எழுபதைத் தாண்டிய வயது. முதல் நாள் கேட்டார்கள்: "ஏங்கண்ணு, வண்டி ரிப்பேரா?" இல்லை, உங்கள் கொள்ளை மிதிக்கக் கூடாதென்று இறங்கினேன் என்றேன். "மெதிக்கத்தான சாமி போட்டிருக்கு!" என்று சிரித்தார்கள். என் சக்கரத்துக்கு அந்த எடை போதாது என்று தெரிந்தும் அன்று இரண்டு தடவை ஏறி ஓட்டினேன்.

17 ஜனவரி

மாட்டுப் பொங்கலன்று வழி முழுக்க வர்ணம் பூசிய கொம்புகள். ஒரு கன்றுக்குட்டிக்கு என் சைக்கிள் கூடையில் இருந்த கரும்புத் துண்டு தேவைப்பட்டது. கொடுத்தேன். அவ்வளவுதான் இன்றைக்கு.

29 ஜனவரி

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்தோம். கேள்வி கேட்டவருக்காகவே என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையைப் பற்றி ஓட்டிப் பார்க்காமல் பேசக் கூடாது என்று தோன்றியது.

ஏறுவதை நான் செய்யவில்லை. தம்பியிடம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி இருக்கிறது. அதில் இரண்டு சைக்கிளையும் படுக்கப் போட்டு, கயிற்றால் கட்டி, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவையும் டீசல் செலவில் ஏறினோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர். 1,200 மீட்டர் உயரத்தைக் கியர் இல்லாத சைக்கிளில் ஏறுவது என்றால் முக்கால்வாசித் தூரம் தள்ளத்தான் வேண்டும். ஏறுகிறவர்களை வழியில் பார்த்தேன். ஒரு இளம் பெண், பத்தாவது வளைவுக்கு மேலே, ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தாள். தம்பி வண்டியை ஒதுக்கி அவளுக்கு வழி விட்டான். மலைப் பாதையில் ஏறி வருகிறவருக்குத்தான் முதல் உரிமை என்று அவன் எப்போதும் சொல்வான். நாங்களும் ஏறத்தான் செய்தோம் என்றாலும் அவளுடைய ஏற்றம் பெரியது.

ஏரிப் பக்கம் சைக்கிளை இறக்கினோம். ஏரியில் தொடங்கி ஏரியிலேயே முடிகிற 32 கிலோமீட்டர் லூப் ரோடு இருக்கிறது. முழுதும் போக எங்களுக்கு நேரமில்லை. நாகலூர்ப் பக்கம் போய்த் திரும்பினோம். காபிப் பழம் பறிக்கிற காலம். செடியில் சிவப்புக் கொத்து. ஒரு களத்தில் கொட்டைகளைக் காயப்போட்டு ஒரு அம்மா காலாலேயே வரி வரியாகக் கிளறிக்கொண்டிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று பள்ளியில் படித்ததை, அந்தக் களத்து அம்மாவிடம் வாங்கிக் குடித்த காபியோடு சேர்த்து இப்போதுதான் முழுங்கினேன். வெல்லம் போட்ட கறுப்புக் காபி. கீழே சேலத்தில் அதே நேரம் வேர்த்திருக்கும். அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மிதித்தேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பார்கள். உடம்புக்கே தெரிந்தது.

ஒரு திருப்பத்தில் காட்டுமாடு. காபிச் செடிகளுக்கு நடுவே, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. நாங்கள் ஒரு பர்லாங்குக்கு முன்னாலேயே நின்றுவிட்டோம். இருபது நிமிடம். அது மேய்ந்து முடித்துத் தன் வழியில் போன பிறகுதான் நாங்கள் போனோம். பின்னால் வந்த ஒரு காரில் ஹாரன் அடித்தார்கள். தம்பி போய் நிறுத்தச் சொன்னான்.

திரும்பும்போது கொட்டச்சேடு, குப்பனூர் வழியாகச் சைக்கிளிலேயே இறங்கினேன். அடிவாரம் ரோட்டைவிட வண்டி குறைவு. தம்பி குட்டி யானையில் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தான். மிதிக்கவே வேண்டாம். காற்று மூஞ்சியில் அடிக்க, மலை தானாகவே கீழே இறக்கி விடுகிறது. எனக்கு இன்னும் கைகளில் அந்த அதிர்வு இருக்கிறது. இறங்குவது சுலபம். யாரும் செய்யலாம்.

2 பிப்ரவரி

மேலே கடைசியில் எழுதியதை நம்பி யாரும் இறங்க வேண்டாம். திருத்தம் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று சைக்கிளை ஓவராயிலுக்கு விட்டேன். கடைக்கார அண்ணன் பிரேக் கட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பின் கட்டை ஒன்று பாதி தேய்ந்து, இரும்பு வெளியே தெரிந்தது. "இதுலயா எறங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அவர் சொன்னது: ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகும், ரப்பர் இளகி வழவழப்பாகும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போய்க் குறைக்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கொட்டச்சேட்டில் டீக்கு நின்றபோது ரிம் சுட்டது எனக்கு நினைவிருக்கிறது. வெயிலில் சுடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியில், மலையில், நிழலில்.

இந்த மாதிரி வண்டியில் மலை இறங்குவது இனி இல்லை. நல்ல பிரேக் உள்ள வண்டி வைத்திருக்கிறவர்கள் புதுக் கட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

18 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் என் சைக்கிளைப் பற்றிக் கேட்டிருந்தார். கியர் இல்லாமல் எப்படி, தூரம் எப்படித் தெரியும், செல்போனில் ஏதாவது செயலி வைத்திருக்கிறீர்களா என்று.

செயலி வேண்டாம் என்றில்லை. எனக்குத் தேவைப்படவில்லை. ஒரு நாள் பல் எண்ணினேன். பெடலோடு சுற்றுகிற பெரிய சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு மீட்டர் சொச்சம். பெருக்கினால் ஒரு முழு மிதிக்கு ஐந்து மீட்டர். வலது கால் கீழே வரும்போதெல்லாம் ஒன்று. நிமிடத்துக்கு 40 மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டர், அதுதான் என் வேகம்.

இந்தக் கணக்கை வைத்துச் சித்தர் கோயில் வரை எண்ணிக்கொண்டே போனேன். சும்மா உருள விடாமல், ஒவ்வொரு நூறுக்கும் ஒரு விரல் மடக்கி. 1,960 வந்தது. ஆக ஒன்பது கிலோமீட்டர் இல்லை, பத்துக்குப் பக்கம். ஜனவரி 7இல் எழுதியதைத் திருத்திப் படியுங்கள்.

ஆனால் அன்று கரிச்சான் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கொண்டு போனதில் மயிலும் தறியும் ஒன்றும் காதில் விழவில்லை. அப்புறம் எண்ணவே இல்லை.

கியர் பற்றி: எனக்குப் பொறாமை உண்டு. எதிர்க்காற்றில் கியர் சைக்கிள்காரர் அலுங்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன். காசு சேர்த்து வாங்கலாமென்று நகரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். என் வண்டியை வாசலில் பார்த்துவிட்டு, "இதை உள்ளே கொண்டுவராதீங்கம்மா" என்றார் ஒரு பையன். வெளியே வந்துவிட்டேன். இன்னொரு கடைக்குப் போகலாம்தான். அந்தச் சைக்கிளில் என் மகள் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். மழையில் நனைந்து சீட்டின் தோல் வெடித்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் அப்படிச் சொன்னது இன்னும் ஆறவில்லை.

19 பிப்ரவரி

ஒரு தங்கை கேட்டிருந்தார்: தனியாகப் போகப் பயமில்லையா அக்கா?

முதலில் இருந்தது. இப்போது குறைவு. ஒரே நேரம், ஒரே வழி என்பதன் பெரிய பலன் இதுதான். கொலுசுப் பட்டறை வாசலில் கோலம் போடுகிற பெண், டீக்கடைக்காரர், களத்து ஆயா, முதல் டவுன் பஸ்ஸின் கண்டக்டர், எல்லோருக்கும் நான் எத்தனை மணிக்கு எங்கே வருவேன் என்று தெரியும். ஒரு வாரம் காய்ச்சலில் போகவில்லை. எட்டாம் நாள் போனபோது டீக்கடைக்காரர், "என்னங்க, ஆளைக் காணோம்" என்றார். பெயர் அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

நாய்க்கு: துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடுகிற சக்கரம்தான் அதற்குக் கோபம். சக்கரம் நின்றால் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மார்கழிப் பனியில் லாரிக்காரருக்கு நாம் தெரிய மாட்டோம்.

10 மார்ச்

ரோட்டோரப் புளியமரங்களில் உலுக்கு நடக்கிறது. மரத்தை ஏலம் எடுத்தவர்கள் மேலே ஏறிக் கிளையை உலுக்க, கீழே சாக்கு விரித்திருக்கிறார்கள். கடந்து போகும்போது தோளில் இரண்டு விழுந்தது. ஓடு உடைத்து வாயில் போட்டுக்கொண்டே மிதித்தேன். கோயில் வரை ஒரே புளியங்கொட்டை.

இந்த வாரம் இரண்டு பஞ்சர். இரண்டும் சீமைக்கருவேல முள். வேலி வெட்டிப் போட்ட இடத்தில் ரோட்டோரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே ஓட்டுங்கள். முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு டியூபை ஒட்டுகிறவர்கள் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன். முனை ஒடிந்து உள்ளேயே இருந்தது. அதனால்தான் இரண்டாவது பஞ்சர். இப்போது என் கூடையில் இருப்பது: சல்யூஷன், உப்புத்தாள், பழைய டியூபில் வெட்டிய நாலு துண்டு, கைப்பம்பு. தண்ணீர்த் தொட்டி வழியில் எங்கும் இருக்கும். மாடு குடிக்கிற தொட்டியில் டியூபை முக்கினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். கேட்டுவிட்டு முக்குங்கள்.

எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அப்பா இல்லை, வாடகைக் கடை. மணிக்கு ஐம்பது காசு. பெரிய சைக்கிள், சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். பாவாடை செயினில் மாட்டிக் கிழிந்ததற்கு வாங்கிய அடி நினைவிருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பதற்றமும். இப்போது காலையில் எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, யாருக்கும் வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

21 ஏப்ரல்

வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. 5.15க்கே கிளம்பி 7 மணிக்குத் திரும்பிவிடுகிறேன். பாதி வழிதான். நுங்கு வந்துவிட்டது. ஆயா வெட்டிக் கொடுத்ததில் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து ஈரத்துணி சுற்றி வைத்தேன்.

அமாவாசையன்று இந்த ரோட்டுக்கு வராதீர்கள். சித்தர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், பஸ்ஸும் ஆட்டோவும் வேனும். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அது அவர்களுடைய நாள், நமக்கு மற்ற நாள்கள் இருக்கின்றன. அந்த நாள்களில் நான் பனமரத்துப்பட்டிப் பக்கம் போகிறேன். சீலநாயக்கன்பட்டி பைபாஸை இறங்கித் தள்ளிக் கடந்துவிட்டால் அப்புறம் நிம்மதி. அரளித் தோட்டங்கள். விடியும் முன்பே மொட்டுப் பறிப்பார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பெண்கள் குனிந்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் மின்மினிப் பூச்சிகள் தோட்டத்துக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். அந்த ஊர் ஏரி ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிநீர் கொடுத்தது. இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கஞ்சமலை அடிவாரத்து ஓடை வற்றிவிட்டது. மணலில் கறுப்பு வரி வரியாக இருக்கிறது. பக்கத்தில் உருக்காலை இருப்பதால் அதன் தூசி என்று நினைக்கிறேன். பார்க்க வருத்தமாக இருந்தது.

23 ஏப்ரல்

ஆலைத் தூசி இல்லை. மன்னிக்கவும். இந்த இழையைப் படிக்கிற ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார்: கஞ்சமலையே இரும்புத்தாது மலை, மேக்னடைட். மழையில் பாறை கரைந்து வருகிற கனமான துகள் ஓடையில் கறுப்பு வரியாகப் படியும். லேசான வெள்ளை மணலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். நம்பாவிட்டால் காந்தம் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றார்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு இன்று போனேன். மணலில் இழுத்தேன். முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஆடு மேய்க்கிற இரண்டு பையன்கள் காந்தத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. மூன்று வருடமாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டு போகிறேன், அது இரும்பு என்று இன்றைக்குத்தான் கையில் தெரிந்தது. ஆலையைக் குற்றம் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

2 ஜூன்

மே மாதம் முழுக்க ஏறக்குறைய ஓட்டவில்லை. மழை வந்த பிறகு மறுபடி. உழுத நிலத்தில் நிலக்கடலை விதைக்கிறார்கள். ரோட்டோர மண்ணில் செக்கச் செவேலென்று வெல்வெட் துணி மாதிரி ஊர்கிற பட்டுப்பூச்சி. சிவதாபுரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீருக்குள் ரோடு எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாது. முன்னால் போகிற பஸ்ஸின் சக்கரம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆயாவைக் களத்தில் காணவில்லை.

5 ஜூன்

ஆயா மகள் வீட்டுக்கு ஆத்தூர் போயிருக்கிறார்களாம். டீக்கடையில் சொன்னார்கள். மூன்று நாளாக இருந்த பாரம் இறங்கியது.

21 ஜூலை

ஆடிக் காற்று. மேற்கேயிருந்து அடிக்கிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும் காற்று. என் வீடு கிழக்கே இருப்பது அதிர்ஷ்டம். களைப்பு வருவதற்குள் கஷ்டத்தை முடித்துவிட்டு, திரும்பும்போது சும்மா உட்கார்ந்து வரலாம். உங்கள் வீடு ஊரின் மேற்கே இருந்தால் ஆடியில் வேறு வழி தேடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது அழுகை வரும். விடியற்காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும். 9 மணிக்கு மேல் அதனோடு மல்லுக்கட்ட முடியாது.

4 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்குக்குக் காவிரியைப் பார்க்க வேண்டும் என்று நேற்று பூலாம்பட்டி போனோம். மறுபடி தம்பியின் குட்டி யானை, எடப்பாடி வரை. அங்கிருந்து சைக்கிள். முன்பு ஒரு தடவை படகில் சைக்கிளை ஏற்றி அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போயிருக்கிறோம். கதவணையால் தேங்கி நிற்கிற காவிரி அகலமாக, அலுங்காமல் இருந்தது. படகின் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது, ரோடே தண்ணீராகிவிட்ட மாதிரி.

நேற்று அந்தக் காவிரி இல்லை. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி, உபரி நீர் திறந்து, கரை தெரியாத பழுப்பு வெள்ளம். படகை நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் இறங்க அனுமதி இல்லை. பெண்கள் கரையில் குடத்துத் தண்ணீரை வைத்துப் பூஜை செய்து, தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். எங்களைப் பார்த்து ஒரு அம்மா காப்பரிசி கொடுத்தார்கள். சைக்கிளில் வந்தீர்களா என்று கேட்டு இன்னொரு பிடி கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் தம்பி கேட்டான்: "இவ்வளவு பெரிய ஆற்றைப் பார்த்த பிறகும் நாளைக்கு அந்தச் சித்தர் கோயில் ரோட்டுக்கே போவியாக்கா?" இன்று காலை போனேன். ஆயா வந்துவிட்டார்கள். ஆத்தூரில் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு களத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்தது முகத்தை வைத்து இல்லையாம், செயின் கவர் உரசுகிற சத்தத்தை வைத்து. அண்ணனிடம் சொல்லி அதைச் சரி செய்யலாம் என்றிருந்தேன். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

25 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் இன்று வந்தார். சொல்லிவிட்டுத்தான் வந்தார். சிவதாபுரத்தில் 6.10க்கு நின்றிருந்தார். நல்ல வண்டி, மெல்லிய டயர், 21 கியர். ஒரு வருடமாகியும் பெயின்ட் பளபளக்கிறது.

முதல் இரண்டு கிலோமீட்டர் அவர் முன்னால் போய்ப் போய்க் காத்திருந்தார். அப்புறம் மெதுவாக வந்தார். என் வேகத்தில் அவருக்குச் சமநிலை தடுமாறியது, அதைப் பழகச் சிறிது நேரம் ஆனது. கரிச்சானைக் காட்டினேன். அவருக்கு அது காக்கைக் குஞ்சாகத் தெரிந்தது. வால் பிளந்திருப்பதைக் காட்டிய பிறகு, அடுத்த நாலு கம்பத்தில் அவரே நாலு கண்டுபிடித்தார். ஒன்று பனங்காடை, அது பறந்ததும் இறக்கைக்குள்ளிருந்து வந்த நீலத்தைப் பார்த்து சைக்கிளை நிறுத்திவிட்டார். ஆயா, "யாரு கண்ணு, சொந்தமா?" என்று கேட்டார்கள். ஒரு ஊர்க்காரர் என்றேன். மறுக்காமல் நின்றார்.

கோயிலுக்கு முன்னால் அவருக்குப் பஞ்சர். முள்தான். என்னிடம் சல்யூஷன் இருந்தது, உப்புத்தாள் இருந்தது, மாட்டுத் தொட்டியும் இருந்தது. டயரின் உள்பக்கத்தைத் தடவி முனையை எடுத்தோம். எல்லாம் ஒட்டி முடித்துக் காற்றடிக்கப் போனால், அவருடைய டியூபின் வால்வ் ஒல்லி. என் பம்பு பொருந்தவில்லை. அவர் பம்பு வீட்டில். நாலு கிலோமீட்டர் இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒன்றரை மணி நேரம். அவருடைய ஊர், அவருடைய அம்மா, மாற்றல் வாங்கி வந்த கதை எல்லாம் நடையில்தான் வந்தது.

கடைக்கார அண்ணன் ஒரு டப்பாவைக் கிளறி, பித்தளையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி எடுத்தார். அதை ஒல்லி வால்வின் மேல் திருகினால் சாதாரண பம்பே போதும். அவருக்கு ஒன்று போட்டுவிட்டார். நானும் ஒன்று வாங்கிக் கூடையில் சல்யூஷன் டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறாராம்.